மிராசுதார் காரின் பின்பக்கம்

முன்பக்கம் அடிபட்டு வண்டி வந்தால் சொந்தக்காரர் ஒருவரைச் சமாளித்தால் போதும். பின்பக்கம் அடிபட்டு வந்தால் இடித்தவரும் கூடவே வருவார், இரண்டு பேருக்கும் டீ நாம்தான் சொல்ல வேண்டும். டிங்கரிங் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். பட்டறை இல்லாவிட்டால் என்ன, அடுத்தவர் உயிராக நினைக்கும் பொருளைப் பழுது பார்க்க வாங்கி வைத்துக்கொண்டு முழித்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். தையல்காரர்கள், கடிகாரக் கடைக்காரர்கள், பல் டாக்டர்கள் எல்லாரும் என் கட்சி. அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்.

என் பட்டறை மன்னார்குடியில், தஞ்சாவூர் ரோட்டின் மேலேயே இருந்தது. ஆட்சி மாறி, குத்தகைக்காரர்களைப் பதிவு செய்யச் சட்டம் வந்து, கூலித் தகராறு இல்லாத கிராமமே இல்லை என்று ஆகியிருந்த சமயம். லாரியும் டிராக்டரும்தான் என் பிழைப்பு. அதற்கு நடுவே ஒரு பங்குனி மாதம் இந்தக் கார் வந்தது.

ஊர்வலம்

சிங்காரவேலு மிராசுதாரின் காரைத் தெரியாதவர்கள் எங்கள் பக்கத்தில் கிடையாது. இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையில்லாத இங்கிலாந்துக் கார். தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போனது. நல்ல சிவப்பு. தரையோடு தரையாகப் போகும். சொந்தப் பிள்ளைகளுக்கே அதில் ஏற அனுமதி இல்லை. வீட்டு அம்மாளைக் கோயிலுக்கு வாடகைக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டு, இவர் பின்னால் தனியாக இதில் போவார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கார் ஒரு ஜோடி மாடு கயிறு கட்டி இழுக்க என் வாசலுக்கு வந்தது. மிராசுதார் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி, முதுகு வளையாமல், எதிரே யாருமே இல்லாத மாதிரி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காரின் பின்பக்கம் உள்ளே போயிருந்தது. வெளியே மாட்டியிருந்த ஸ்டெப்னி பெட்ரோல் டாங்கியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பின்னால் வேடிக்கைக் கூட்டம். கூட்டத்துக்கும் பின்னால், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, இடித்த பஸ்ஸின் டிரைவர் தம்பையன் நடந்து வந்தான்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சம்பா அறுத்த வயலில் ஈரம் காய்வதற்குள் எங்கள் பக்கம் உளுந்து தெளிப்போம். பங்குனியில் செடியைப் பிடுங்கி வந்து தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் அதன்மேல் ஏறி ஏறி உளுந்தை உதிர்த்துக் கொடுத்துவிடும். காசில்லாத அடிப்பு. சட்டத்தில் இடமுண்டா என்று யாரும் கேட்டதில்லை. மிராசுதார் அப்படிக் காய்ந்த உளுந்துக்குச் சரியாக முன்னால் சடாரென்று பிரேக் போட்டு நின்றிருக்கிறார். பின்னால் வந்த தம்பையன் அவர் ஏறிப் போவார் என்று நம்பி வந்திருக்கிறான். நல்லவேளை, யாருக்கும் காயமில்லை.

என் காதருகே வந்து தம்பையன் சொன்னான்: "உளுந்து கெடந்தா ஏறிப் போறதுதானே மேஸ்திரி ரோட்டு வழக்கம். அதுக்கு முன்னாடி நிப்பாட்டினவரை நான் இன்னிக்குத்தான் பார்க்கிறேன்."

குறுக்கே வந்தது

தம்பையன் தன் தெருவில் ஹெவி லைசென்ஸ் வாங்கிய முதல் ஆள். அப்பாவும் அண்ணன்களும் வயல் வேலைக்காரர்கள். அவன் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு ஸ்டீரிங்கில் உட்கார்ந்த அன்று அந்தத் தெருவே பஸ் ஏறி மன்னார்குடிவரை சும்மா போய்விட்டு வந்தது. இப்போது பஸ் முதலாளி அவனை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார். மிராசுதார் தன் வாயால் "டிரைவர் மேல் தப்பில்லை" என்று சொன்னால் மறுபடி வண்டி. இல்லாவிட்டால் லைசென்ஸ் போலீசுக்குப் போகும். பஸ் போனால் வயல்தான். கூலித் தகராறில் அந்த வேலையும் அப்போது நின்று போயிருந்தது.

ஆக எல்லாம் ஒரே கேள்வியில் தொங்கியது. மிராசுதார் ஏன் நிறுத்தினார்? முதல் நாள் கேட்டபோது, ஒரு ஆடு குறுக்கே வந்தது என்றார். டாங்கியைக் கழற்றிய அன்று அது நாயாகிவிட்டது, நல்ல ஜாதி நாய். அடுத்த வாரம் அவரைப் பார்க்க வந்த வக்கீலிடம் கன்றுக்குட்டி என்று சொன்னதை நானே கேட்டேன். நின்ற இடம் பொட்டல் வெளி, இரண்டு பக்கமும் ஒன்றும் கிடையாது என்று தம்பையன் சத்தியம் செய்தான். எனக்கும் சந்தேகம்தான். ஆனால் பட்டறைக்காரன் வண்டியைத் தட்டலாம், வண்டிக்காரரைத் தட்ட முடியுமா?

வக்கீல் போனதும் தம்பையன் பெருமூச்சு விட்டான்: "இன்னும் ஒரு வாரம் விட்டா கோயில் யானை வந்துடும் மேஸ்திரி."

பெஞ்சு

நான் இந்தக் காரை யாருக்கும் தெரியாமல் விற்றுவிடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ, மிராசுதார் தினமும் காலையில் வந்து உட்கார்ந்துவிடுவார். அவர் மனசு எப்போது இளகும் என்று பார்க்க தம்பையனும் தினமும் வருவான். என் பட்டறையில் இருந்தது ஒரே ஒரு பெஞ்சு. மிராசுதார் அதில் ஒரு கோடியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். தம்பையன் நிற்பான். அவர் ஊரில் அவர் எதிரே அவன் ஆட்கள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஆட்சி மாறினாலும் அதெல்லாம் பெஞ்சுவரை வந்து சேரக் கொஞ்ச காலம் பிடித்தது.

எனக்குச் சமூக நீதி பேசத் தெரியாது. ஆனால் அவன் நின்ற இடம் சரியாக என் வாசல் வெளிச்சத்தில். பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், எனக்கு வெளிச்சம் வேண்டும், உட்காருய்யா என்று ஒரு நாள் கத்திவிட்டேன். அவன் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், பெஞ்சின் மறு கோடியில் பாதி உடம்பை வைத்து உட்கார்ந்தான். பட்டறையில் சுத்தியல் சத்தம்கூட நின்றுவிட்டது. மிராசுதார் பேப்பரைத் தாழ்த்திக்கொண்டு ரொம்ப நேரம் அவனையே பார்த்தார்.

பிறகு சொன்னார்: "உட்கார்ந்ததுதான் உட்கார்ந்தே, நல்லா உட்காரு. அரைகுறையா உட்கார்ந்துக்கிட்டுக் காலை ஆட்டுறே, எனக்கு எழுத்தெல்லாம் ஆடுது."

உள்ளே இருந்தது

தகரத்தைப் பிரித்தபோதுதான் எனக்கு மயக்கம் வந்தது. உள்ளே இரும்பு இல்லை. மரம். காரின் பின்பக்கம் முழுக்க மரச் சட்டம் கோத்து அதன்மேல் தகரத்தை ஆணியடித்து இழுத்திருந்தான் வெள்ளைக்காரன். சட்டம் இரண்டு இடத்தில் முறிந்து கிடந்தது. அதைப் பார்த்த மிராசுதார் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. இத்தனை வருஷம் இரும்புக் குதிரை என்று நினைத்து வளர்த்தது உள்ளே கட்டிலைப் போல இருந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? சீமைக்கு எழுதிப் போட்டு மரம் வரவழைக்கலாமா என்று கேட்டார். அதற்குள் நம் இருவருக்கும் அறுபதாம் கல்யாணம் முடிந்துவிடும் என்றேன்.

கடைசியில் மாட்டு வண்டி செய்யும் ஆசாரி ஒருவரை அழைத்து வந்தேன். காய்ந்த பூவரசங்கட்டையாகப் பார்த்து எடுத்து, முறிந்த துண்டை அளவு வைத்து இழைத்துக் கொடுத்தார். ஒருமுறை சரியாக உட்காரவில்லை, திட்டிக்கொண்டே மறுபடி இழைத்தார். மிராசுதார் பக்கத்திலேயே நின்று, இது சாதாரண வண்டி இல்லை, பார்த்துச் செய்யணும் என்று நிமிஷத்துக்கு ஒருதரம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆசாரி வேலையை முடித்து, காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, முன்பக்க மூடியைத் தூக்கி எஞ்சினையும் பார்த்தார்.

"நம்ம வண்டிதாங்க இதுவும். மாட்டை மட்டும் பொட்டிக்குள்ள போட்டுப் பூட்டிட்டான்."

உப்புத்தாள்

தகரத்தைத் தட்டி எடுத்து, பள்ளத்தை நிரப்பப் பட்டி பூசி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை. சும்மா உட்கார்ந்து அலுத்துப்போன தம்பையன் ஒரு நாள் தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தான். அவன் தேய்ப்பது சரியில்லை என்று மிராசுதார் எழுந்து வந்தார். சொல்லிப் பார்த்தார், கையைக் காட்டிப் பார்த்தார், அப்புறம் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அவரே இன்னொரு பக்கம் தேய்க்க உட்கார்ந்துவிட்டார். வலப்பக்கம் மிராசுதார், இடப்பக்கம் தம்பையன். நான் பீடி பற்ற வைத்துக்கொண்டு வெளியே போய் நின்றேன். சம்பளமில்லாமல் இரண்டு ஆள், அதில் ஒருவர் மிராசுதார் என்பது எந்தப் பட்டறைக்காரனுக்கு வாய்க்கும்?

அன்று பார்த்து விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர் ஒருவர் தம்பையனைத் தேடி வந்தார். அவன் பஸ் விஷயமாகச் சங்கத்துக்கு மனு எழுதியிருந்தான். வந்தவர் உள்ளே பார்த்தார். எந்த மிராசுதாரை எதிர்த்து அறுவடைக்கு முன்னால் கொடி பிடித்தாரோ, அதே மிராசுதார் வேர்க்க விறுவிறுக்கத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் வணக்கம் சொல்லவில்லை.

சங்கத்துக்காரர் தம்பையனைத் தனியாக அழைத்து, மிகவும் கவலையோடு கேட்டார்: "ரெண்டு பேருக்கும் ஒரே கூலிதானே பேசியிருக்கு, தோழர்?"

சிவப்பு

வர்ணம் அடிக்கும் கட்டம் வந்தது. முன்பக்கத்துச் சிவப்போடு பின்பக்கத்துச் சிவப்பு சேர வேண்டும். மன்னார்குடிக் கடைகளில் அந்த வருஷம் சிவப்புக்குப் பஞ்சமே இல்லை, ஊருக்கு ஊர் கொடிக்கம்பம் முளைத்துக்கொண்டிருந்ததால் டப்பா டப்பாவாக வந்து இறங்கியது. கொஞ்சம் கறுப்பைக் கலந்து ஒரு தகரத் துண்டில் அடித்துக் காட்டினேன், அது ஆளுங்கட்சிக் கொடி என்றார் மிராசுதார். கறுப்பைக் குறைத்துக் காட்டினேன். அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார்.

"மேஸ்திரி, என் காரு என்னிக்குச் சங்கத்துல சேர்ந்துச்சு?"

சிவப்புக் கண்ணாடி

வேலை முடியும் தறுவாயில் வைரக்கண்ணு வந்தார். ரோட்டில் காய்ந்த உளுந்துக்குச் சொந்தக்காரர் அவர்தான். ஒரு சின்னத் துணி மூட்டையைக் கொண்டுவந்து மிராசுதார் முன்னால் பிரித்தார். உள்ளே காரின் பின்விளக்குக் கண்ணாடி, துண்டு துண்டாக. இடித்த வேகத்தில் அத்தனையும் உளுந்தில் தெறித்து, வீட்டுப் பெண்கள் முறத்தில் போட்டுப் புடைத்துப் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். ஒருத்தர் விரலில் கட்டுப் போட்டிருக்கிறதாம். உங்கள் சாமானை உங்களிடமே கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றார். கோபமாகப் பேசவில்லை, அதுதான் இன்னும் உறைத்தது. மிராசுதார் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார். தலைகீழாகப் பிடித்திருந்தார்.

வைரக்கண்ணு மிராசுதாரின் குத்தகைக்காரர் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நெல்லுக்குத்தான் குத்தகை, உளுந்தில் பங்கு கிடையாது என்று அவர் சொல்ல, என் மண்ணில் விளைந்தது எதுவானாலும் பங்குண்டு என்று இவர் சொல்ல, வழக்கு நடந்துகொண்டிருந்தது. வைரக்கண்ணு போன பிறகு மிராசுதார் பேப்பரை மடித்துக் கீழே வைத்தார். தம்பையன் டீ வாங்கப் போயிருந்தான். நான் மெதுவாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஐயா, நிஜமாகவே கன்றுக்குட்டிதானா என்று கேட்டேன்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி சொன்னார்: "பங்கு கிடையாதுன்னு கோர்ட்டுக்குப் போறான். அவன் உளுந்தை நான் என் காரை விட்டு அடிச்சுக் கொடுக்கணுமாய்யா?"

பஸ் முதலாளி

எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், வயிற்றெரிச்சல் ஒரு பக்கம். இந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் தம்பையன் பிழைத்தான். ஆனால் சொன்னால் ஜில்லா முழுக்கச் சிரிக்கும், அதைவிட எதிர்த்தரப்பு வக்கீல் சிரிப்பான். ஒரு பிடி உளுந்துக்காகத் தன் ராஜா காரைத் தானே பலி கொடுத்தார் என்ற பெயரோடு எந்த மிராசுதார் வெளியே நடமாட முடியும்? என்னிடம் சொன்னதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வேறு வாங்கிக்கொண்டார்.

கார் தயாரான அன்று பஸ் முதலாளி வந்தார். தம்பையன் இடத்தில் வேறு டிரைவரை நிரந்தரமாகப் போட முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது. டிரைவர் மேல்தான் தப்பு என்று மிராசுதாரின் வாயால் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போனால் லைசென்ஸ் விவகாரத்தையும் முடித்துவிடலாம் என்று வந்திருந்தார். தம்பையன் எழுந்து நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை. மிராசுதார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அன்னிக்கு ஒரு கன்னுக்குட்டி" என்று ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் முதலாளி கையெடுத்துக் கும்பிட்டார். வாயில்லா ஜீவனுக்காக உயிருக்குயிரான காரையே இழக்கத் துணிந்தீர்கள், பெரிய மனசு என்றார். அதோடு விட்டிருக்கலாம். வயலில் கிடந்த ஆட்களைக் கொண்டுவந்து ஸ்டீரிங்கில் உட்கார வைத்தால் இப்படித்தான், இவனுக்குக் கண்ணும் கிடையாது, நிதானமும் கிடையாது என்று தம்பையனைப் பார்த்துச் சொன்னார்.

மிராசுதார் பெஞ்சைவிட்டு எழுந்தார். அவர் காது சிவந்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். கன்றுக்குட்டியும் இல்லை, கழுதையும் இல்லை, கண்ணும் நிதானமும் இல்லாமல் நின்றது நான்தான் என்றார். வைரக்கண்ணு உளுந்து என்று தெரிந்துதான் நிறுத்தினேன், அவனுக்கு என் கார் உழைக்கக் கூடாது என்றுதான் நிறுத்தினேன், சிரிக்கிறவன் சிரித்துக்கொள்ளட்டும் என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டார். தம்பையன் வாயைப் பிளந்தபடி நின்றான். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

பஸ் முதலாளி சிரிக்கவில்லை. அவருக்கும் நிலம் உண்டு, குத்தகைக்காரர்களும் உண்டு, வழக்கும் உண்டு என்பது அதுவரை எங்களுக்குத் தெரியாது. அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு ரொம்ப மரியாதையாகத் தலையை ஆட்டி, அதானே, நானாக இருந்தாலும் நிறுத்தித்தான் இருப்பேன் என்றார். இவ்வளவு நியாயமான காரணத்தை வைத்துக்கொண்டு எதற்குக் கன்று, கழுதை என்று ஊரைச் சுற்றினீர்கள் என்று மிராசுதாரையே கடிந்துகொண்டார். தம்பையனிடம் திரும்பி, நாளைக் காலை முதல் நடைக்கு வந்து சேர் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார்.

தம்பையன் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். அழுதான் என்றுதான் நினைக்கிறேன். எனக்கும் கண் கலங்கியது. மிராசுதார் எங்களைப் பார்க்காமல் காரில் ஏறி உட்கார்ந்து, எஞ்சினைக் கிளப்பி, பின்பக்கத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துத் திருப்தியானார். போகும்போது சும்மா போக மனசு வரவில்லை போலும். தம்பையனைக் கூப்பிட்டு, இனிமேல் என் பின்னால் வந்தால் கொஞ்சம் தள்ளியே வா என்றார்.

தம்பையன் துண்டை எடுத்தான். எழுந்திருக்கவில்லை. "தள்ளி வர்ற காலமெல்லாம் போச்சுங்க ஐயா. நிப்பாட்டுறதா இருந்தா நீங்க கையைக் காட்டிட்டு நிப்பாட்டுங்க."

அன்று முதல் பின்பக்கம் நசுங்கிய வண்டி எது வந்தாலும், என்ன பழுது என்று கேட்பதற்கு முன்னால், ரோட்டில் காய்ந்தது யார் உளுந்து என்று நான் விசாரித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது.